ஏற்காடு இறக்கத்தில் எந்த கியர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டு விடுமுறை தொடங்கிப் பொங்கல் முடியும்வரை ஏற்காட்டில் கூட்டம் ஓயாது. இந்த நாட்களில் வரும் செய்தியெல்லாம் ‘பனிமூட்டம், மெதுவாகச் செல்லவும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எப்படி மெதுவாகப் போவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரேக்கை விடாமல் மிதித்தபடி மெதுவாக இறங்குகிறவருக்குத்தான் அடிவாரம் வருமுன் பிரேக் கைவிடும்.

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இத்தனை இறக்கத்தையும் பிரேக்கே தாங்கினால் டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். அந்த ஆயில் நாள்பட நாள்பட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ‘டாட் 4’ என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியதற்கு அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்சமே 155தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடமாக ஆயில் மாற்றாத வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள்.

ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல். சின்ன கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். வளைவுகளில் இரண்டாவது கியர், போதாவிட்டால் முதல் கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ (லோ கியர்) அல்லது மேனுவல். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் உருட்டுவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை. இன்ஜினையும் அணைத்துவிட்டால் இரண்டு மிதியில் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவதால் பிரேக் லைனர் கருகும் வாடை உள்ளே வராது. ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வாடை வந்தால் சமமான இடத்தில் ஒதுங்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

ஸ்கூட்டர்க்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் விலகிக்கொள்ளும்; அப்புறம் அதுவும் நியூட்ரல் வண்டிதான். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, நடுநடுவே நின்று இறங்குவதே வழி.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். லோ பீம் போதும். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் துணியால் துடைக்காமல், ஏசியைப் போட்டு வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியும் மலைப்பாதையே, அங்கும் இதே கணக்கு.

அடுத்த முறை பனிமூட்டச் செய்தி போடும்போது ‘இரண்டாவது கியரில் இறங்கவும்’ என்ற மூன்று சொல்லையும் சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு மெக்கானிக், கோரிமேடு, சேலம்.