என் தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த மடலை ஆறு மாதமாக எழுத நினைக்கிறேன், உட்கார்ந்தாலே கை நடுங்கி எழுந்துவிடுவேன். ஹூஸ்டனில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் பார்த்த என் தம்பியை, கல்லாப் பணத்துக்காக ஒருவன் தலையில் சுட்டுவிட்டான். தம்பி பிழைத்துவிட்டான். அதற்குக் காரணமான எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இது.

அன்றைக்கு டீசல் போட வந்த லாரி டிரைவர் அண்ணா, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பக்கம் இருந்த பெண் சொல்லச் சொல்ல அப்படியே செய்தீர்கள். வாந்தியும் ரத்தமும் மூச்சுக்குழாயில் போகாமல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள், சட்டையைக் கழற்றிக் காயத்தின் மேல் வைத்துப் பிடித்தீர்கள், உடைந்த எலும்பு உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று அழுத்தித் திணிக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் முதலில் தண்ணீரைத்தான் தேடியிருப்பேன்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பிகளுக்கும் நன்றி. ஒருவர் வாய்விட்டு எண்ணி எண்ணி, ஆறு விநாடிக்கு ஒரு தடவைதான் ஆக்ஸிஜன் பையை அமுக்கினாராம். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கிற ரத்தமும் மூளைக்குப் போகாதாம். அதேபோல வழியில் ரத்த அழுத்தம் ஒரு தடவைகூடச் சரிய விடவில்லை. இப்படி அடிபட்ட தலைக்கு அந்த ஒரு சரிவே எமன் என்று டாக்டர் பிறகு விளக்கியபோதுதான் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குப் புரிந்தது.

ஊரிலிருந்து போன் செய்கிற சொந்தங்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குண்டை எடுத்தாச்சா?" இல்லை, எடுக்கவில்லை. அதற்காகவே அந்த அறுவை சிகிச்சை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சிடி ஸ்கேனில் குண்டு இடது பக்கமே போய் ஆழத்தில் நின்றிருந்தது, நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அதைத் தேடிப் போனால் நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் மூளை வீங்க இடம் விட்டு உள்ளங்கை அளவு மண்டை ஓட்டுத் துண்டை எடுத்தார், ரத்தக் கட்டியையும் கைக்கு எட்டிய எலும்புத் துணுக்குகளையும் அகற்றினார், மூளை உறையைத் தைத்து மூடினார். அவ்வளவோடு கையை எடுக்கத் தெரிந்தவர் அவர். குண்டு உள்ளேயே இருப்பதால், பெரிய காந்தம் இருக்கிற எம்ஆர்ஐ அறைப் பக்கம் போகவே கூடாது என்று இப்போது ஒரு அட்டையை அவன் பர்ஸில் வைத்திருக்கிறோம்.

பெயர் தெரியாத ரத்த தானக்காரர்களே, உங்கள் ரத்தம் அவன் உடம்பில் ஓடுகிறது.

அப்புறம் பேச்சுப் பயிற்சி தந்த அம்மா. அவனுக்கு எல்லாம் புரிந்தது, வார்த்தைதான் வரவில்லை. பேச்சு வராதவர்களுக்கும் சில சமயம் பாட்டு வரும் என்று சொல்லி, தெரிந்த தமிழ்ப் பாட்டு ஏதாவது பாடச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அம்மாவின் தாலாட்டுதான் வந்தது. "ஆராரோ" என்று நிறுத்தினேன். அவன் உதட்டைக் கூட்டிக் கூட்டி, "ஆரி… ரரோ" என்றான். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் என்னோடு சேர்ந்து அழுதார்.

போன மாதம் டைட்டானியம் தகடு வைத்துத் தலையை மூடிவிட்டார்கள். வலது கை இன்னும் சரியாகவில்லை, வாக்கியம் பாதியில் நிற்கிறது.

டிரைவர் அண்ணா, போலீஸ் வந்ததும் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்றார்கள். இதை யாராவது உங்களுக்குப் படித்துச் சொன்னால் அந்த பங்க்கில் ஒரு தகவல் விடுங்கள். உங்களுக்காக ஒரு புதுச் சட்டை வாங்கி வைத்திருக்கிறான், தன் கையால் தர வேண்டுமாம்.