வேட்பாளருக்கு மொழித் தேர்வு

பாளையங்கோட்டை

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கும் ஷிப்ராக் ஊரின் பள்ளி வேலை உனக்குப் பிடித்துப்போனதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. ஊர்க்கூட்டம் நடக்கும் இடமான சாப்டர் ஹவுஸில் நடந்த தேர்தல் கூட்டத்தைப் பற்றி நீ எழுதியதை அவளுக்கும் படித்துக் காட்டினேன். முதலில் ஆட்டிறைச்சிச் சாறும் பொரித்த ரொட்டியும். பிறகு வேட்பாளர் எழுந்து, தாயின் குலம், தந்தையின் குலம், இரண்டு தாத்தாக்களின் குலம் என்று நான்கையும் சொல்லிவிட்டுத்தான் பேச்சுக்கே வருகிறார். கேட்டுக்கொண்டிருந்த கிழவி, "அப்படியென்றால் நீ எனக்குப் பேரன் முறை" என்கிறாள்! நம் ஊரில் வேட்பாளர் இன்ன சாதி என்று அவர் மட்டும் வாய் திறக்க மாட்டார். மற்ற எல்லோரும் சொல்வார்கள்.

இனி நீ கோபமாகக் கேட்ட விஷயம். அமெரிக்காவுக்குள்ளேயே தனி அரசு நடத்தும் நவஹோ மக்களின் 2014 அதிபர் தேர்தலில் கிறிஸ் டெஷினியைப் போட்டியிலிருந்து நீக்கியது அநியாயம் என்கிறாய். தாலுகா அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் தேர்தல் வேலை பார்த்தவன் நான். பழைய செய்திகளைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

17 பேர் நின்ற முதற்சுற்றில் ஜோ ஷர்லி முதலிடம், டெஷினி இரண்டாமிடம். இருவரும் நவம்பரில் மோத வேண்டும். தோற்ற வேட்பாளர்கள் இருவர் வழக்குப் போட்டார்கள்: அதிபராகிறவர் நவஹோ மொழியைச் சரளமாகப் பேச வேண்டும் என்பது சட்டம், இவருக்கு அது வராது என்று. மொழித் தேர்வு எழுத டெஷினி மறுத்தார். மற்ற வேட்பாளர்களைச் சோதிக்காமல் தன்னை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நவஹோ உச்ச நீதிமன்றம் அவர் பெயரை நீக்கி, தேர்தலைத் தள்ளிவைக்கச் சொன்னது. தேர்தல் வாரியமோ உத்தரவை நிறைவேற்ற மறுத்து, நீதிமன்ற அவமதிப்பில் மாட்டிக்கொண்டது. என் காலத்தில் இப்படி ஒன்றைச் செய்திருந்தால் ஓய்வூதியத்தை மறந்திருக்க வேண்டியதுதான்.

உன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நவஹோ பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்பால் கழுவியவை அமெரிக்க அரசாங்கத்தின் உறைவிடப் பள்ளிகள். இரண்டாம் உலகப் போரில் அதே மொழியை ரகசியக் குறியீடாக வைத்து ஜப்பானியரைத் திணறடித்ததும் அதே அரசாங்கம்தான். அந்தக் குறியீட்டு வீரர்களில் ஒருவருடைய பேரன் இந்த டெஷினி. தாமும் அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். தாத்தாவின் மொழி வரவில்லை என்று பேரனை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனாலும் நான் நீதிமன்றத்தின் பக்கம்தான். சட்டம் கடுமையானது என்றால் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் முதற்சுற்று முடிந்த பிறகு ஒருவருக்காக மாற்றக் கூடாது. நவஹோக்களின் சட்டமன்றம் அவசரமாக அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியபோது, அதிபராக இருந்த பென் ஷெல்லி கையெழுத்துப் போட மறுத்தார். சரியாகத்தான் செய்தார். 2015 ஏப்ரலில் டெஷினி இல்லாமலே தேர்தல் நடந்து, முதற்சுற்றில் மூன்றாவதாக வந்த ரசல் பெகே, ஷர்லியைத் தோற்கடித்தார். அதன்பிறகு ஜூலையில் மக்களிடமே கேட்டார்கள். வேட்பாளருக்கு மொழி போதுமான அளவு வருகிறதா என்பதை இனி வாக்காளரே முடிவு செய்யட்டும் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். அந்தச் சாப்டர் ஹவுஸ் கிழவிதான் இப்போது தேர்வாளர். எந்த அதிகாரியையும்விட அவள் கெட்டிக்காரி என்றே நினைக்கிறேன்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நீ கேட்டுக்கொண்டிரு, போதும். வாக்குரிமை அவர்களுடையது, வழக்கும் அவர்களுடையது. என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

2022 அதிபர் தேர்தலில் 35 வயது பூ நைகிரன் வென்றார். அடுத்த தேர்தல் 2026 நவம்பரில். உன் தோழியின் பாட்டி யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டுவிடாதே. வேட்பாளரின் நவஹோவுக்கு அவர் எத்தனை மதிப்பெண் போட்டார் என்று மட்டும் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா