தோள் நோவோடு விளையாடாதே

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பின் மாலதி,

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை. நீ கோபமாக இருந்தால் அது நியாயம்தான். இங்கே எல்லாரும் சுகம். அவர் பென்ஷன் எடுத்துவிட்டார், சின்னவன் பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கிறான், இந்திரா ரீச்சரைக் கோயிலில் கண்டேன், வழக்கம்போல உன்னைத்தான் முதலில் கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவை நாலு தரம் பார்த்தேன். கனடாவில், உன் ஸ்காபரோவில் வெளியே பனி, உள்ளே நீ மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலால் அடிக்கிற அந்தப் பிக்கிள்பால் விளையாடுகிறாய். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக்கு ஆள் குறைந்தால் ஓடி ஒளிந்தவளா இது என்று சந்தோஷமாகத்தான் பார்த்தேன். பிறகு பந்து உன் தலைக்கு மேலே வந்தது. நீ நின்ற இடத்திலேயே நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்கி அடித்தாய். அடித்த கையோடு இடது கை வந்து வலது தோளைப் பிடித்தது. அரை வினாடி இருக்கும், அவ்வளவுதான். மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் ஆறு மாதம் அப்படிப் பிடித்தவள் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

உன்னிடம் சொல்லாமல் இருந்தது இதைத்தான். போன வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு பட்மின்டன் ஹோலில் நாங்களும் பிக்கிள்பால் தொடங்கினோம். இரண்டுக்கும் கோர்ட் ஒரே அளவுதான், 20 அடிக்கு 44 அடி, வலையைத்தான் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வந்து இறங்கி, சப்பாத்தை மாற்றியதும் நேரே உள்ளே போய்விடுவேன். உடம்பைச் சூடாக்குவது, கையை அசைப்பது எதுவும் கிடையாது. முதல் அடியான சேர்வ் கீழிருந்துதானே போடுகிறோம், மட்டையும் கால் கிலோவுக்கு உட்பட்டதுதானே, தோளுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். தலைக்கு மேலே வருகிற பந்துகளை நான் எண்ணவில்லை.

முதலில் மேற்கையின் வெளிப்பக்கம் நோ. பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள் உயரத்துக்கு வந்ததும் சுரீர் என்று குத்தும். பால்மா டின்னை மேல் தட்டில் வைக்க முடியவில்லை, தேங்காய் திருவ முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கவே முடியவில்லை. பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் விளையாடினேன். கூட விளையாடிய ஒருவர், “நோவைப் பார்க்காமல் விளையாடினால் தானாகப் போகும்” என்றார், கேட்டேன். கூடிவிட்டது. பிறகு பயந்து மூன்று கிழமை கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதுவும் பிழையாம்.

பிசியோ சொன்னதை உனக்குச் சொல்கிறேன். தோள்மூட்டு, சிறு தட்டத்தில் வைத்த தேசிக்காய் மாதிரி. குழி ஆழமில்லை. அந்தத் தேசிக்காய் உருண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பவை நாலு சின்னத் தசைகள். கை தலைக்கு மேலே போகிற ஒவ்வொரு தரமும் அவற்றின் தசைநார்களுக்குத்தான் பாரம். எங்கள் வயதில் அவை முன்போல இல்லை. பின்னாலே எட்டி அடித்தால் இன்னும் மோசம். எனக்கு நார் கிழியவில்லை, நொந்துபோயிருந்தது. விளையாட்டை நிறுத்து, கையை நிறுத்தாதே என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

ஜன்னல் கம்பியில் றப்பர் பட்டியைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு சின்னத் துவாயை மடித்து வைத்து, கதவைத் திறப்பதுபோல முன்கையை வெளியே திருப்ப வேண்டும். பதினைந்து தரம், மூன்று முறை. அப்புறம் பட்டியைப் பின்னால் இழுத்து இரண்டு தோள்பட்டைகளையும் நெருக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் காலையிலும் நோ இருந்தால் கூடிப்போயிற்று என்று அர்த்தம். மூன்று மாதம் எடுத்தது. திரும்பவும் விளையாடத் தொடங்கியபோது முதலில் வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டுவது மட்டும், பிறகு சேர்வ், தலைக்கு மேலான அடி கடைசியில். இப்போது உயரப் பந்து வந்தால் பக்கவாட்டில் திரும்பி, காலை எடுத்து வைத்துப் பின்னால் போய், பந்தை எனக்கு முன்னாலே வைத்து அடிக்கிறேன். எட்டாவிட்டால் விட்டுவிடுகிறேன். ஒரு பொயின்ட் போனால் போகட்டும்.

உன் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் சீனி வியாதிதான். சீனி உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம், அதிலும் 40இலிருந்து 60 வயதுப் பெண்களுக்கு. உன் அம்மாவை நினைத்துப் பார். நோகுது என்று கையை அசைக்காமலே வைத்திருந்து, கடைசியில் கொண்டை முடியக்கூட நீ வேண்டியிருந்தது. அப்படி இறுகினால் வேறொருவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளியே திரும்பாது. ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும். அங்கே டொக்டர் ஸ்டீரொய்ட் ஊசி போடலாம் என்றால், அது சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும் என்பதை நினைவில் வை, உன் சீனிக் கணக்கை முதலே சொல். நோக் குளிசையையும் கேட்காமல் தொடர்ந்து போடாதே, உனக்குப் பிரஷரும் இருக்கிறது.

இன்னொன்று. விழுந்தோ எட்டி அடித்தோ திடீரென்று கையைத் தூக்கவே பலமில்லாமல் போனால், கிழமைக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காதே, உடனே காட்டு. தோள் நோவோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது தோளே இல்லை என்று நினை, அம்புலன்சைக் கூப்பிடு. அண்ணாவுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை.

இப்போதைக்கு நோகிற பக்கம் படுக்காதே, மறுபக்கம் சரிந்து, முன்னால் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையைப் போட்டுப் படு. எனக்கு நித்திரை வந்தது அதற்குப் பிறகுதான்.

திங்கட்கிழமை பிசியோவுக்குப் போன் எடுத்து நேரம் கேள். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் மெல்லத் தூக்கிப் பார்த்து, வலது கை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று எனக்கு எழுது. மார்கழியில் நீ வரும்போது பம்பலப்பிட்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் விளையாட வேண்டும், ஹோல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் வசந்தி