பொருள்: பணம் கட்டிய ஏ.என்.ஏ. சோதனைக்குப் பதில் வேறு முறையில் செய்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

என் மனைவிக்குச் சில மாதங்களாக விரல் மூட்டுகளில் வலி. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலம் பாய்கிறது. வாதநோய் மருத்துவர் ஏ.என்.ஏ. சோதனை (உடலின் சொந்தச் செல்லின் உட்கருவுக்கே எதிரான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது) எழுதிக் கொடுத்தார். சீட்டில் ‘இம்யூனோஃப்ளூரசன்ஸ், ஹெப்-2 செல்’ என்று தெளிவாகவே இருக்கிறது; அதாவது செல்களின் மேல் ஒளிரும் சாயமிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறை. அதைக் காட்டித்தான் உங்கள் கிளையில் பணம் கட்டினேன். ரசீதிலும் அந்த முறைதான், கட்டணமும் அதற்குரியதுதான்.

வந்த ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’, பக்கத்தில் 1.8 என்று ஓர் எண். முறை: எலைசா, அதாவது கருவி அளந்து எண்ணாகத் தருவது. டைட்டரும் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு) இல்லை, பேட்டர்னும் (செல் ஒளிரும் விதம்) இல்லை.

‘இதை வைத்து நான் எதுவும் முடிவு செய்ய முடியாது’ என்று டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். 1:80 அளவில் பாசிட்டிவ் வருவது நோயே இல்லாதவர்கள் பலருக்கும் உண்டு. 1:640 என்றால் கதை வேறு. விரல் வெளுக்கிறவருக்கு சென்ட்ரோமியர் பேட்டர்ன் தெரிந்தால் ஸ்கிளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்) பக்கம் யோசிப்பார்கள், ஹோமோஜீனியஸ் என்றால் லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) பக்கம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய இந்த விவரம் எலைசாவில் கிடைக்காது. உங்கள் லேப் டாக்டருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலைசா மோசம் என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லி, அதற்கான காசை மட்டும் வாங்கியிருக்கலாம். வெறும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என் மனைவி இணையத்தில் தேடித் தேடி பயந்துபோய் இருக்கிறார்.

கஸ்டமர் கேரில் பேசியவர், ‘ரெண்டும் ஒரே ஏ.என்.ஏ.தான் சார்’ என்றார். அப்புறம், வேண்டுமானால் மறுபடி பணம் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே சோதனைக்கு உங்கள் விலைப்பட்டியலில் இரண்டு விலை எதற்கு?

எடுத்த ரத்தத்தின் சீரம் கெடாமல் சேமிப்பில் இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் புதிதாக எடுத்து, சீட்டில் உள்ள முறையில் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். டைட்டரும் பேட்டர்னும் ரிப்போர்ட்டில் வர வேண்டும். எங்களைக் கேட்காமல் முறையை மாற்றியது யார், ஏன் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசிச் சமாதானம் போதாது.

ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

மருத்துவர் சீட்டு, ரசீது, ரிப்போர்ட் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்