அடுத்த கலம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்வெளிக்கு மனிதன் போக வேண்டுமா, இயந்திரம் போனால் போதுமா என்று உங்கள் கடிதப் பக்கத்தில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாகவும் வங்கியில் ஓய்வு பெற்றவர்களாகவும் இருக்கிறார்கள். பூமியில் துளை போட்டுப் பிழைத்தவன் கடிதம் ஒன்றும் வரட்டுமே. நான் திருச்செங்கோட்டுக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக ஆந்திரா, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன்.

2018 நவம்பரில் நாசாவின் இன்சைட் கலம் செவ்வாயில் இறங்கியது. அதில் ஜெர்மனிக்காரர்கள் கொடுத்தனுப்பிய சுத்தியல் ஒன்று இருந்தது. ‘மோல்’ என்று பெயர். முழங்கை நீளக் குழாய், உள்ளேயே அடித்துக்கொண்டு 5 மீட்டர் வரை இறங்கி, செவ்வாயின் உள்சூட்டை அளக்க வேண்டும். ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே போனதும் நின்றுவிட்டது. சுத்தியல் ஒரு அடி அடித்தால் பின்னால் ஒரு உதை வரும். சுற்றிலும் உள்ள மண் இறுக்கிப் பிடித்தால்தான் அந்த உதை அடங்கும். செவ்வாய் மண்ணோ கட்டிகட்டியாக ஒதுங்கி, குழாயைச் சுற்றி இடைவெளி விட்டுவிட்டது. மோல் நின்ற இடத்திலேயே குதித்தது. எங்கள் வண்டியை நாலு ஜாக்கி போட்டு நிறுத்துவதும், மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவதும் எதற்காக என்று இப்போது புரியும். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கலத்தின் கையால் அமுக்கிப் பார்த்தார்கள், மண்ணைத் தள்ளி மூடிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் போராடி, 2021 ஜனவரியில் கைவிட்டார்கள்.

ஒரு டிரில்லர் பக்கத்தில் நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும். ஹேமர் சத்தம் மாறுவதிலும், மேலே வரும் தூளின் நிறத்திலும் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆகவே நான் மனிதன் பக்கம்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். இல்லை.

மனிதன் நின்று துளை போட்ட கதையும் இருக்கிறது. 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட், நிலாவின் சூட்டை அளக்கச் சுமார் 3 மீட்டர் துளை போட வேண்டும். துளை போடும் ராடின் இணைப்புகளில் தூள் அடைத்துக்கொண்டு, பாதி ஆழத்திலேயே நின்றது. மண் எடுக்கப் போட்ட இன்னொரு ராடு மாட்டிக்கொண்டது. அவரும் ஜேம்ஸ் இர்வினும் தோள் கொடுத்து இழுத்து எடுத்ததில், ஸ்காட்டுக்குத் தோள்பட்டை பிசகியது. (படித்ததும் எனக்கே தோள் வலித்தது.) 1972 ஏப்ரலில் அப்போலோ 16 போனபோது ராடைத் திருத்தி, பிடுங்குவதற்கு ஒரு ஜாக்கியும் கொடுத்தனுப்பினார்கள். துளை நன்றாக விழுந்தது. ஆனால் ஜான் யங்கின் கால் ஒயரில் சிக்கி, சூட்டை அளக்கும் கருவியின் இணைப்பே அறுந்துபோனது. அதே வருடம் டிசம்பரில் அப்போலோ 17. இரண்டு துளையும் 2 மீட்டரைத் தாண்டின, கருவியும் வேலை செய்தது.

இதில் வேலையை முடித்தது மனிதனின் கையா? கை முதல் தடவையும் இருந்ததே. ஒன்றரை வருடத்துக்குள் மூன்று தடவை போனார்கள், ஒவ்வொரு தடவையும் முந்தின தப்பைத் திருத்திக்கொண்டு போனார்கள். மோலுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அது ஒன்றுதான், போனது போனதுதான்.

சீனாக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2020-ல் நிலாவுக்குப் போன அவர்களின் சாங்-இ 5 கலம் இரண்டு மீட்டர் துளைக்குத் திட்டமிட்டு ஒரு மீட்டரோடு நின்றது. இருந்தாலும் 1,731 கிராம் மண் வந்தது. நாலு வருடத்துக்குள் சாங்-இ 6 நிலாவின் பின்பக்கம் போய் 1,935 கிராம் அள்ளி வந்தது. நம் ஊரிலும் அதுதானே நடந்தது? 2019 செப்டம்பரில் சந்திரயான் 2-ன் விக்ரம் கலம் நிலாவில் விழுந்தது. குறைகளைச் சரிசெய்து 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான் 3 கலத்தை இறக்கினார்கள். அந்தக் கலத்தில் சேஸ்ட் என்ற வெப்பமானி, மோட்டாரால் மெல்ல மெல்ல 10 சென்டிமீட்டர் இறங்கும்படி செய்தது. சுத்தியலால் அடிக்காமல் இறக்கியது நல்ல யோசனை. ஆனால் 10 சென்டிமீட்டர் எங்கள் கணக்கில் ஆழமே இல்லை.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யானில் மூன்று பேர் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் இருந்துவரட்டும். பயிற்சி எடுத்தவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், எனக்கும் பெருமைதான். 2040-க்குள் இந்தியர் நிலாவில் கால் வைக்க வேண்டும் என்கிறார்கள், வைக்கட்டும். அதற்குள் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்க்கும் வேலைக்கு மனிதன் வேண்டாம். மாட்டிக்கொண்ட பிட்டை, அதாவது துளை போடும் முனையை, குழியிலேயே விட்டுவிட்டு வண்டியை நகர்த்திய நாள் எங்களுக்கு உண்டு. முதலாளி திட்டுவார், அவ்வளவுதான். ஆளை அப்படி விட்டுவர முடியுமா? அப்போலோ 17-ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு நிலாத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் பிடித்ததாம். தூசி என்ன செய்யும் என்று இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

எனக்கு இருக்கும் கேள்வி வேறு. நிலா மண்ணை எடுத்துவரும் சந்திரயான் 4-க்கு 2024-ல் 2,104 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்லது. அது பாதியில் மாட்டிக்கொண்டால் அடுத்த கலம் எப்போது? மறுபடி கமிட்டி, மறுபடி நாலு வருடமா? முதல் கலத்தைச் செய்யும்போதே இரண்டாவதுக்கும் சாமான் வாங்கி வைக்க வேண்டும். ஒரே ஒரு பிட்டோடு எந்த ரிக் வண்டியும் ராஜஸ்தானுக்குக் கிளம்பாது.

இன்னொன்றும் கேட்கலாம். சந்திரயான் 2-ஐச் சோதிக்க நிலா மண் போலச் செய்தபோது, அதற்கு எங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைதான் போனது. துளையிடும் கருவியை அந்தத் தூளில் சோதிக்கும் நாளில் திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு டிரில்லர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். எங்கே மாட்டும் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார்கள். சம்பளம் வேண்டாம், சாப்பாடும் பஸ் காசும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய டிரில்லர் ஒருவர்,
திருச்செங்கோடு.