பாட்டனும் பங்காளியும்

பெருமாள்மலை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. வேலை இருக்கும். இரவில் சாப்பிடாமல் படுக்காதே. உன் கட்டுரை வெளிவந்த செய்தியைப் பண்ணைக்காட்டுச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எங்களுக்கும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

மூன்று நாளாக மேகம் இறங்கி நிற்கிறது. தயிர்ச் சட்டியை உன் பழைய நீல ஸ்வெட்டரில் சுற்றி அடுப்பருகே வைத்திருக்கிறாள் அம்மா. அப்படியும் உறையவில்லை. பால் தயிராவதைத்தான் 'பரிணாமம்' என்பதற்குச் சாங்கியத் தத்துவத்தார் உவமையாகச் சொன்னார்கள். ஆங்கிலத்து 'எவல்யூஷன்', சுருட்டிய ஏட்டை விரித்துப் படிப்பதைக் குறித்த லத்தீன் சொல். விரித்தால் தெரிவது முன்பே எழுதியதுதானே? 18ஆம் நூற்றாண்டில், கருவுக்குள் மடங்கிக் கிடக்கும் முழு உருவம் விரிகிறது என்று நம்பியவர்கள் அந்தப் பொருளில்தான் அதை எடுத்தாண்டார்கள். டார்வினின் 1859 நூலின் முதல் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. அதன் வினைவடிவம் மட்டும் கடைசிச் சொல்லாக நிற்கிறது. எனக்குப் பிடித்தது இலங்கைத் தமிழர் வழங்கும் 'கூர்ப்பு'. அந்தச் சொல்லுக்கு உள்ளது சிறத்தல் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம்.

இத்தனையும் ஓய்வு பெற்ற பின் படித்தவை. பாடம் நடத்திய காலத்தில் படிக்கவில்லை. "குரங்கிலிருந்துதான் மனிதன் வந்தான் என்றால், வெள்ளி நீர்வீழ்ச்சியில் கடலைப் பொட்டலம் பிடுங்கும் குரங்கு ஏன் சார் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" என்று வகுப்பில் எழுந்து கேட்டாய். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உன்னை வெளியே நிறுத்தினேன். மணி அடிக்கும்வரை தூறலில் நின்றாய். அம்மாவிடம்கூட நீ சொல்லவில்லை. அதன்பின் 11 ஆண்டுகள் அந்தப் பாடத்தை "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போனேன்.

அந்தக் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பாப்பா, பங்காளி. சித்தப்பா வீடும் நாமும் போல. மூதாதை ஒருவர்தான், அது தன் வழியில் மாறியது, நாம் நம் வழியில். பிரிந்து சுமார் 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சிம்பன்சியின் வழி பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள்தான். உனக்குத் தெரியாததா? நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

போன வைகாசியில் கூடத்தில் நீ கேட்டதற்கும் நான் விடை சொல்லவில்லை. அன்றும் உன்னை வெளியேதான் நிறுத்தினேன்.

இரவில் சாப்பிட்டுப் படு. பொங்கலுக்கு டிக்கெட் எடுக்கும்போது இரண்டாக எடு. அவருக்குக் காரம் ஆகுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா