முனியாண்டி கோயில் வளைவில் அறுந்துபோகும் அழைப்புகள்: வலையமைப்புப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரத்துக்குச் சேவை வழங்கும் கைப்பேசி நிறுவனத்தின் வலையமைப்புப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கோபுரம் ஏறும் வேலை பார்த்தேன். ஆன்டெனா மாட்டுவதும் கேபிள் இழுப்பதும்தான் என் பங்கு. கணினிக்கு முன் உட்காரும் வேலை உங்களுடையது. ஆனாலும் கோபுரத்தடியில் பொறியாளர்கள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் துணிச்சலில்தான் வாடிக்கையாளர் சேவை மையத்தை விட்டுவிட்டு நேரே உங்களுக்கு எழுதுகிறேன். அங்கே மூன்று முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மூன்று முறையும் கைப்பேசியை அணைத்துப் போடச் சொன்னார்கள்.

நகரிலிருந்து தோட்டத்துக்குப் போகும் சாலையில், செம்பனை ஆலையைத் தாண்டியதும் ஒரு குன்றைச் சுற்றி வளைவு வரும். வளைவில் முனியாண்டி கோயில். வண்டிக்காரர்கள் அங்கே ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். பேசிக்கொண்டு வருகிற அழைப்புகள் உயிரை விடுவதும் அங்கேதான். இரவு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் திரும்பும் பெண் ஒருத்தி, வழிநெடுக அம்மாவுடன் பேசிக்கொண்டு வருவாள். முதலில் சில நாட்கள் பேச்சு பாதியில் அறுந்து, தாய் பதறிப்போய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்திருக்கிறார். இப்போது ஆலை விளக்கு தெரிந்ததும் மகளே, "அம்மா, முனியாண்டி வந்துவிட்டார், வைக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறாளாம். கைப்பேசியில்தான் கோளாறு என்று நினைத்து என் கடைக்கு வந்தபோது அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். முப்பது வெள்ளி கொடுத்து பேட்டரி மாற்றவும் தயாராக இருந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

"அந்த இடத்தில் சிக்னல் இல்லை" என்று தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள். இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரை மோட்டார் ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் இரண்டு கைப்பேசிகளுடன் நான் உட்கார்ந்தேன். இரண்டிலும் உங்கள் சிம் அட்டைதான். ஒன்று, 4ஜி வழியாகவே குரலைக் கொண்டுபோகும் வோல்ட்டி வசதி உள்ளது. மற்றொன்று 2ஜி தவிர வேறெதுவும் அறியாத பழைய பொத்தான் கைப்பேசி. இரண்டிலும் அழைப்பைப் போட்டுக்கொண்டு அந்த வளைவைப் பத்து முறை கடந்தோம். பொத்தான் கைப்பேசி ஒருமுறைகூட அறுபடவில்லை. புதியது எட்டு முறை அறுந்தது. அறுந்த சில விநாடிகளிலேயே அதன் திரையில் 2ஜிக்கான குறி தோன்றி, நான்கு கோடுகளும் நிறைந்து நின்றன. ஆகவே வளைவுக்கு இந்தப் பக்கம் 4ஜி இருக்கிறது, அந்தப் பக்கம் 2ஜி இருக்கிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு அழைப்பைக் கைமாற்றுவதில்தான் கோளாறு.

என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லோரி வந்ததும் நிரம்பிய பால் வாளியைக் கீழேயிருந்து தூக்கிக் கொடுப்பார். மேலே நிற்பவர் பிடியைப் பற்றிய பிறகுதான் தம் கையை விடுவார். ஒரு கணம் வாளி இருவர் கையிலும் இருக்கும். 3ஜியின் கைமாற்றம் அப்படித்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் இயங்கியதால், கைப்பேசி ஒரே நேரத்தில் இரண்டு கோபுரங்களையும் பற்றிக்கொண்டு, பிறகே பழையதை விடும். 2ஜியிலும் 4ஜியிலும் அந்த வசதி இல்லை. விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒரே தொழில்நுட்பத் தரத்துக்குள் என்றால் அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு வேறு தரங்களுக்கு நடுவே என்னும்போதுதான் சிக்கல். 4ஜியில் குரல் தரவுப் பொட்டலங்களாகப் போகிறது. 2ஜியிலோ 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எட்டு நேரத் துண்டுகளாகக் கூறுபோட்டு, அதில் ஒன்றை அழைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும்.

2005இல் இந்த நாட்டுக்கு வந்த 3ஜி, ஜெண்டேலா என்ற அரசின் இணைய இணைப்பு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அலைவரிசை 4ஜிக்குப் பயன்படுவதே நல்லது. ஆனால் நடுப்படியைப் பெயர்த்துவிட்டால், மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு ஒரே எட்டாக இறங்க வேண்டியிருக்கிறது. அதற்கான வழியும் உங்களிடம் உண்டு. எஸ்ஆர்விசிசி என்ற பெயரில், கைப்பேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் தரநூலின் 8ஆம் வெளியீட்டிலேயே அதை வகுத்துவிட்டது. குரல் தடைபடும் நேரம் 0.3 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பேசுபவருக்கு ஒரு சிறு விக்கல்போல் கேட்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அந்த விக்கல் போதும்.

அந்த வளைவில் இது ஏன் நடப்பதில்லை என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள். 4ஜியில் பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசி, தானாகப் போய் 2ஜியைத் தேடுவதில்லை. சிக்னல் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும், "இன்னின்ன 2ஜி தடங்களைக் கேட்டுப் பார்" என்று கோபுரம் சொல்ல வேண்டும். கைப்பேசி பேச்சுக்கு நடுவே கிடைக்கும் சிறு இடைவெளிகளில் அவற்றைக் கேட்டு, அளந்து, அறிக்கை அனுப்ப வேண்டும். பிறகு உங்கள் மையம் 2ஜி பக்கம் இடம் பிடித்து, எதிர்முனையின் குரலையும் அங்கே திருப்பிவிட்டு, "மாறு" என்று கட்டளை கொடுக்கும். அந்தக் கட்டளை, செத்துக்கொண்டிருக்கும் அதே 4ஜி வழியாகத்தான் கைப்பேசிக்கு வந்தாக வேண்டும். சமவெளியில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. முனியாண்டி வளைவில் குன்று சட்டென்று மறைத்துவிடுகிறது. புதிய கைப்பேசியின் சோதனைத் திரையைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆலை வாசலில் நன்றாக இருந்த 4ஜி, கோயில் மணி கண்ணில் படுவதற்குள் தரைமட்டம். ஊருக்கெல்லாம் பொதுவாக வைத்த வரம்பு இங்கே காலம் கடந்துதான் வேலை செய்யும். அந்த ஒரு 4ஜி செல்லுக்கு, அதாவது கோபுரத்தின் அந்த ஒரு பரப்பெல்லைக்கு, மட்டுமாவது வரம்பை உயர்த்தி, முன்கூட்டியே தேடச் சொல்லுங்கள். மிகையாக உயர்த்தினால் நகருக்குள் இருப்பவர்களும் தேவையில்லாமல் 2ஜியில் போய் விழுவார்கள் என்பது தெரியும். அந்த அளவு பார்ப்பதுதான் உங்கள் தொழில்.

இன்னொன்று, அண்டைப் பட்டியல், அதாவது கைப்பேசி தேட வேண்டிய பக்கத்துக் கோபுரத் தடங்களின் பட்டியல். தோட்டத்துக்குள் இருக்கும் கோபுரத்தின் 2ஜி தடம் எப்போதாவது மாற்றப்பட்டதா? மாற்றியவர்கள் நகரக் கோபுரத்தின் 4ஜி பட்டியலிலும் அதைத் திருத்தினார்களா? நான் கோபுரம் ஏறிய காலத்தில், 2ஜி பார்ப்பவர் ஒருவர், 4ஜி பார்ப்பவர் வேறொருவர். இருவரும் சந்திப்பது மதியச் சாப்பாட்டில் மட்டும். பழைய எண் பட்டியலில் கிடந்தால், கைப்பேசி இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பத்தில் இரண்டு முறை அழைப்பு தப்பியதால் இது பாதி உண்மையாக மட்டும் இருக்கலாம். ஆனாலும் பார்த்துவிடுங்கள், பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

நகரில் 5ஜி வந்துவிட்டதே என்று ஆறுதல் சொல்லாதீர்கள். இங்கே 5ஜி கைப்பேசியிலும் பேச்சு 4ஜிக்கு வந்துதான் போகிறது. வளைவில் அதே கதைதான். வாட்ஸ்அப் அழைப்பைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. அதை 2ஜி தாங்காது என்று எனக்கே தெரியும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இப்போது கடைக்கு வரும் தோட்டத்துக்காரர்களுக்கு வோல்ட்டியை அணைத்துக் கொடுக்கிறேன். அப்படிச் செய்தால் அழைப்பு தொடக்கத்திலேயே 2ஜிக்கு இறங்கிவிடும், வளைவில் அறுபடாது. ஆனால் குரல் கரகரக்கும், பேசி முடிக்கும்வரை இணையமும் நொண்டும். நல்ல கைப்பேசியைக் காசு வாங்கிக்கொண்டு மட்டமாக்கும் வேலை இது. மேசை இழுப்பறையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்து, யார் யாருக்கு அணைத்தேன் என்று எழுதி வருகிறேன். நீங்கள் சரிசெய்த மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, இலவசமாகத் திரும்பப் போட்டுக் கொடுப்பேன்.

உங்கள் சோதனை வண்டி நெடுஞ்சாலையில் ஓடிவிட்டுத் திரும்பியிருந்தால் இந்த இடம் கணக்கிலேயே வந்திருக்காது. வட்டாரம் முழுமைக்கும் சராசரி எடுத்தால், நகரில் நடக்கும் ஆயிரக்கணக்கான நல்ல அழைப்புகளுக்கு அடியில் எங்கள் அழைப்புகள் அமுங்கிவிடும். ஆகவே தோட்டச் சாலைக்குள் வாருங்கள். பகலில் வருவதாக இருந்தால், குலை ஏற்றிய லோரிகள் வரிசைகட்டாத காலை நேரம் வசதி. இரவில் வருவதாக இருந்தால், தொழிற்சாலை பஸ் ஆலையைத் தாண்டுவது 11.20க்கு. அதற்குப் பின்னாலேயே வண்டியை விடுங்கள். கையில் ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடைக்காரன்